ராட்சசன் விழுங்கிய பெண்: ஜப்பான் அரசவைக் கவிஞர்களின் காதலும் ஒரு அனிமேயும்

நைட் டூட்டியில விடியற்காலை மூணு மணி தாண்டினா ஒரு அரை மணி நேரம் வார்டு அமைதியாகும். அந்த நேரத்துல தூங்கினா எழுந்திருக்கறது கஷ்டம், தூங்காம இருக்கறதும் கஷ்டம். எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர்தான் சொன்னார்: "சார், இதைப் பாருங்க. ஒரு எபிசோடு 25 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். மொத்தமே 13தான்."

அப்படி ஆரம்பிச்சதுதான் "உதா கோய்". 2012-ல் ஜப்பானில் டிவியில் வந்த அனிமே. சுகிதா கேய் என்பவர் வரைந்த காமிக்ஸை வைத்து எடுத்தது. "உதா"ன்னா பாட்டு, "கோய்"ன்னா காதல்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான் அரசவையில் இருந்த கவிஞர்களின் காதல் கதைகள். பெரும்பாலும் சேராத காதல்கள். பார்த்து முடிச்சதும் இதுல எவ்வளவு நிஜம்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, காதலுக்குப் பின்னாடி அரசியல் இருக்கு. அதுக்கும் பின்னாடி எனக்குப் பழக்கமான ரெண்டு விஷயம் இருக்கு: பெரியம்மை, பிரசவம்.

கொஞ்சம் நீளமான திரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முதல்ல அடிப்படை.

ஹெய்யான் காலம்னு சொல்வாங்க. 794-லிருந்து 1185 வரை. இன்னைக்கு கியோட்டோ என்கிற ஊர்தான் அப்போ தலைநகரம். பெயருக்கு ஆள்பவர் பேரரசர். நிஜ அதிகாரம் ஃபுஜிவாரா என்ற குடும்பத்தின் கையில்.

எப்படி? ரொம்ப எளிமையான வழி. தன் பெண்ணை பேரரசருக்குக் கட்டிக்கொடு. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தா அவன் அடுத்த பேரரசன். தாத்தாவோ மாமாவோ, சின்னப் பையன் பெயரில் நாட்டை ஆள்வார். கத்தி வேண்டாம், படை வேண்டாம். கல்யாண வயசுல ஒரு பெண் இருந்தா போதும்.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இனிமே வரப்போற கதை எல்லாத்துக்கும் இதுதான் சாவி.

இந்தச் சமூகத்தில் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பார்க்கறதே அபூர்வம். திரைக்குப் பின்னாடி பெண், வெளியே ஆண். நடுவுல போய் வர்றது 31 அசை கொண்ட குட்டிக் கவிதை. கவிதை நல்லா இருந்தா பதில் வரும், இல்லாட்டி கதவு மூடும்.

1235 வாக்கில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர் நூறு கவிஞர்களை எடுத்து, ஆளுக்கு ஒரு கவிதை வீதம் ஒரு தொகுப்பு செய்தார். பெயர் "ஹ்யாகுநின் இஷ்ஷு". நூறு பேர், ஆளுக்கு ஒன்று என்றே பொருள். நூறில் 43 காதல் கவிதைகள். நூறு பேரில் 21 பேர் பெண்கள். பின்னாளில் இது சீட்டு விளையாட்டாகவே ஆகி, இன்னைக்கும் ஜப்பானில் புத்தாண்டு நேரத்தில் வீட்டில் விளையாடறாங்க. "சிஹாயாஃபுரு" அனிமே பார்த்தவங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

"உதா கோய்" செய்வது என்னன்னா, தெய்காவையே கதைசொல்லியா வச்சு, கவிதைகளுக்குப் பின்னாடி இருக்கிற மனிதர்களைக் கதையா சொல்றது. முழுத் தலைப்பிலேயே "சோயாகு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. மூலத்தைத் தாண்டிப் போகிற தாராளமான மொழிபெயர்ப்புன்னு அர்த்தம். கூட்டிக் குறைச்சுதான் சொல்லப் போறோம்னு வாசல்லயே போர்டு மாட்டிடறாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

கதைக்குள்ள போவோம்.

1. நரிஹிராவும் தகாய்கோவும்

முதல் எபிசோடே இவங்கதான். அரிவாரா நோ நரிஹிரா (825–880) ஒரு பேரரசரின் பேரன். ஆனா ஆட்சிக்கு வரவே வாய்ப்பில்லாத கிளை. அழகன், கவிஞன். தகாய்கோ ஃபுஜிவாரா வீட்டுப் பெண், 842-ல் பிறந்தவள். பேரரசர் செய்வாவுக்கு என்று குடும்பம் முடிவு பண்ணி வச்சிருந்த பெண். செய்வா அவளை விட எட்டு வயசு சின்னவர்.

"இசே கதைகள்" என்ற பழைய ஜப்பானிய நூலில் இந்தக் கதை இப்படி வரும். ஒருத்தன் தன்னால் அடைய முடியாத பெண்ணை ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இடி, மழை. பாழடைந்த ஒரு கிடங்கில் அவளை உள்ளே வைத்துவிட்டு வில்லோடு வாசலில் காவல் நிற்கிறான். உள்ளே ஒரு ராட்சசன் அவளை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறான். அவள் கத்தியது இடிச் சத்தத்தில் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் ஆள் இல்லை.

இங்கே நிறுத்தியிருந்தா அது பேய்க்கதை. ஆனா அந்த நூலே கடைசியில் உண்மையைப் போட்டு உடைக்குது. ராட்சசன்னு யாரும் இல்லை. பெண்ணோட அண்ணன்மார் ரெண்டு பேர், குனித்சுனேயும் மோதோத்சுனேயும், அழுகுரல் கேட்டு வந்து அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதைத்தான் ராட்சசன்னு சொல்லிட்டாங்களாம்.

இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். கேஷுவாலிட்டியில வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். உடம்பெல்லாம் காயத்தோட ஒரு பெண் வருவா. கூட வந்த அண்ணன் சொல்வார், "கால் தவறி மாடிப்படியில விழுந்துட்டா சார்." அவ சுவரையே பார்த்துட்டிருப்பா. குடும்பம் செஞ்சதைச் சொல்ல முடியாதப்போ, மாடிப்படி மேல பழி போடுவோம். அவங்க ராட்சசன் மேல போட்டாங்க.

தகாய்கோ 866-ல் அரண்மனைக்குப் போனாள். மகன் பிறந்தான். அவள் வருங்காலப் பேரரசரின் தாயாக இருந்தபோது, அவள் மாளிகையில் இருந்த ஒரு திரைச்சீலை ஓவியத்தைப் பார்த்து நரிஹிரா எழுதிய கவிதைதான் தெய்காவின் தொகுப்பில் 17-வது. இலையுதிர்காலச் சிவப்பு இலைகள் மிதக்கும் ஆறு பற்றியது. காதல்னு ஒரு வார்த்தை கிடையாது. அனிமே அந்த ஆற்றையே காதல் செய்தியாக மாற்றிக் காட்டும். நிரூபிக்க முடியாது. ஆனா, எழுதியவர் யார், யார் வீட்டுத் திரைன்னு தெரிஞ்ச பிறகு, அதை வெறும் இயற்கை வர்ணனையா படிக்க என்னால முடியல.

அனிமே சொல்லாத பின்கதை ஒண்ணு இருக்கு. 896-ல், தகாய்கோவுக்கு 50 தாண்டிய வயசில், ஒரு துறவியோட தொடர்புன்னு குற்றம் சாட்டி அவள் பட்டத்தைப் பறித்தார்கள். 910-ல் இறந்தாள். 943-ல்தான் பட்டம் திரும்பக் கிடைத்தது. செத்து 33 வருஷம் கழிச்சு!

2. மகனின் கதை

அவள் மகன் யோஸேய் ஏழு வயசில் பேரரசர் ஆனான். 884-ல், 15 வயசில், இறக்கப்பட்டான். மனநிலை சரியில்லை, வன்முறை செய்தான் என்று காரணம் சொன்னார்கள். இறக்கியது யார் தெரியுமா? அவன் தாய்மாமன் மோதோத்சுனே. ஆமா, அதே அண்ணன். அதே ராட்சசன்.

அவனுக்குப் பதில் உட்கார வைத்தது 50 தாண்டிய கோகோ என்பவரை. அந்தக் கோகோவின் மகளைத்தான் யோஸேய் காதலித்தான். தன் நாற்காலியை எடுத்துக்கொண்டவரின் மகள்! அவளுக்கு எழுதிய கவிதைதான் தொகுப்பில் 13-வது. சொட்டாக ஆரம்பித்து ஆழமான மடுவாக மாறும் நீரை வைத்து எழுதியது. ஆட்சி போன பிறகு 65 வருஷம் வாழ்ந்து, 80 வயசில் இறந்தான் அந்த "மனநிலை சரியில்லாதவன்".

3. யோஷிதகா: ஒரே நாளில் இரண்டு மகன்கள்

இங்கதான் டாக்டரா எனக்கு வேலை ஆரம்பிச்சது.

ஃபுஜிவாரா நோ யோஷிதகாவின் கவிதை தொகுப்பில் 50-வது. முன்னே உயிரைப் பெரிதாக நினைக்காதவன், அவளைச் சந்தித்த பிறகு நீண்ட காலம் வாழ ஆசைப்படுகிறான் என்பது அதன் கருத்து.

எழுதியவருக்கு ஆயுள் இருபதுதான்.

974. தலைநகரில் பெரியம்மை. யோஷிதகாவுக்கும் அண்ணன் தகாகதாவுக்கும் வந்தது. ஒரே நாள். காலையில் அண்ணன் போனார், மாலையில் தம்பி.

ஜப்பானுக்குப் பெரியம்மை புதுசு இல்லை. 735–737 கொள்ளைநோயில் மக்கள்தொகையில் கால்வாசிக்கு மேல் இறந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் கணக்கிடறாங்க. ஃபுஜிவாரா குடும்பத்தை நடத்திவந்த சகோதரர்கள் நாலு பேரும் 737-ல் அதில்தான் இறந்தாங்க. வராதவங்க புதுசா பிறந்து ஒரு தலைமுறை சேர்ந்ததும் நோய் திரும்ப வரும். தடுப்பூசி இல்லாத உலகத்துல இதுதான் சுழற்சி.

"ஓகாகாமி" என்ற பழைய வரலாற்று நூல் ஒரு விஷயம் சொல்லுது. யோஷிதகா சாகும் முன் அம்மாகிட்ட கேட்டாராம்: நான் செத்தாலும் வழக்கமான சடங்கை உடனே செஞ்சிடாதீங்க, தாமரைச் சூத்திரத்தை ஓதி முடிக்கத் திரும்பி வருவேன். ஒரே நாளில் ரெண்டு மகனை இழந்த அம்மா பித்துப் பிடிச்ச மாதிரி இருந்தாள். சுத்தி இருந்தவங்க தலையணையைத் திருப்பி வச்சு சடங்கை முடிச்சிட்டாங்க. பிறகு மகன் கனவில் வந்து வருத்தப்பட்டாராம்.

அந்தத் தாய்க்கு அன்னைக்கு ஒரு டாக்டரால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இன்னைக்கு அந்த நோயே உலகத்தில் இல்லை. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாச்சு. எனக்குத் தெரிஞ்சு ஒரு காதல் கவிதைக்கு மருத்துவம் கொடுத்த மிகச் சிறந்த பதில் அதுதான்.

யோஷிதகா இறந்தப்போ அவர் மகன் யுகினாரிக்கு ரெண்டு வயசு. அந்தப் பையன் வளர்ந்து ஜப்பானின் மூன்று மாபெரும் எழுத்தணிக் கலைஞர்களில் ஒருவரானார். அவரைப் பிடிச்சுக்கிட்டே அடுத்த கதைக்குப் போவோம்.

4. பேரரசி தெய்ஷியும் சிரிக்கத் தெரிந்த தோழியும்

ஸேய் ஷோனகோன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. "தலையணைக் குறிப்புகள்" எழுதியவர். தொகுப்பில் 62-வது கவிதை இவருடையது. அது யாருக்கு எழுதியது? யுகினாரிக்குத்தான். சேவல் கூவுவது போல ஏமாற்றினாலும் கதவு திறக்காது என்ற குறும்பான பதில்.

ஸேய் வேலை செய்தது பேரரசி தெய்ஷியிடம். தெய்ஷி 990-ல் அரண்மனைக்கு வந்தபோது அவளுக்கு 13 வயசு, பேரரசர் இச்சிஜோவுக்கு 10. அரசியல் திருமணம்தான். ஆனா ரெண்டு பேரும் நிஜமாவே பிரியமா இருந்தாங்க.

995-ல் தெய்ஷியின் அப்பா இறந்தார். 996-ல் அண்ணன் கொரெச்சிகா நாடு கடத்தப்பட்டார். தெய்ஷி தன் தலைமுடியை வெட்டித் துறவு பூண்டாள். சித்தப்பா மிச்சினாகாவின் காலம் ஆரம்பிச்சது. அவர் தன் மகள் ஷோஷியை உள்ளே கொண்டு வந்து, 1000-ல் அவளையும் பேரரசி ஆக்கினார். ஷோஷிக்கு அப்போ 12 வயசு. ஒரே பேரரசருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு பேரரசிகள். முன்னே இல்லாத வழக்கம்.

தெய்ஷி துறவி, அதனால் அரசியின் தெய்வச் சடங்குகளைச் செய்ய முடியாது என்று வாதம் வைத்துப் பேரரசரைச் சம்மதிக்க வைத்தவர் யார்? யுகினாரி. தன் நாட்குறிப்பில் அவரே எழுதி வச்சிருக்கார். அவரை வில்லனாக்க எனக்கு மனசு வரல. ரெண்டு வயசில் அப்பாவை இழந்து, யார் தயவிலாவது மேலே வரவேண்டிய நிலையில் இருந்த அதிகாரி. அதிகாரம் இப்படிப்பட்ட நல்லவங்க கையெழுத்தில்தான் நடக்கும்.

அதே 1000-ன் குளிர்காலம். தெய்ஷிக்கு மூணாவது பிரசவம். பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை. துறவிகள் சத்தமாக ஜபிக்கிறார்கள். நேரம் போகுது. அண்ணன் கொரெச்சிகா விளக்கைக் கொண்டு வரச் சொல்லி முகத்தைப் பார்க்கிறார். உடம்பு குளிர்ந்து கிடக்கு. "எய்கா மோனோகதாரி" என்ற வரலாற்றுக் கதை நூல் இப்படித்தான் சொல்லுது.

இருபத்து நாலு வயசு இருக்கும்.

இதை எழுதும்போது கை நடுங்குது. ஏன்னா இந்தக் காட்சி எனக்குத் தெரியும். குழந்தை பிறந்து அரை மணி நேரத்தில் நஞ்சுக்கொடி வரலைன்னா நாங்க ஓட ஆரம்பிப்போம். கருப்பை சுருங்காது, ரத்தம் நிக்காது. இன்னைக்கு குழந்தை வெளியே வந்த உடனே 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. அப்பவும் வரலைன்னா கையை விட்டு எடுப்போம், ரத்தம் ஏத்துவோம். ஒரு சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற அந்த ஊசி, ஒரு நாட்டின் பேரரசிக்குக் கிடைக்கலை.

ஸேய் ஷோனகோன் தன் புத்தகத்தில் இந்தச் சாவை எழுதவே இல்லை. சிரிச்சது, பனி பார்த்தது, யார் என்ன உடுத்தியிருந்தாங்க, தெய்ஷி எப்படிக் கிண்டல் பண்ணினாள், இதெல்லாம் இருக்கு. ரொம்ப நாள் அதை மேம்போக்கான புத்தகம்னு நினைச்சிருந்தேன். இப்போ வேற மாதிரி தெரியுது. எல்லாரும் அவளைத் தோத்துப்போனவளா நினைக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச ஒரு தோழி, அவளை சந்தோஷமானவளாகவே காப்பாத்தி வச்சிருக்கா.

5. மிச்சிமாசா: அனிமே மறைத்தது

கொரெச்சிகாவின் மகன் மிச்சிமாசா. அதாவது தெய்ஷியின் மருமகன், வீழ்ந்த வீட்டுப் பிள்ளை. அவன் காதலித்தது பேரரசர் சன்ஜோவின் மகள் மாசாகோவை. அவள் இசே ஆலயத்தின் பூசாரியாக இருந்த இளவரசி. அந்தப் பதவியில் இருக்கும் பெண் கன்னியாக இருக்கணும். அப்பா ஆட்சி விட்டதும், 1016-ல், பதவி முடிந்து தலைநகருக்கு வந்தாள். வயசு 15 தான்.

விஷயம் தெரிந்து சன்ஜோ கொதித்தார். காவல் போட்டார். உன்னை விட்டுவிடுகிறேன் என்பதைக்கூட அடுத்தவர் வாயால் சொல்லாமல் நேரில் சொல்ல ஒரு வழி கிடைக்குமா என்று மிச்சிமாசா ஏங்கியது தொகுப்பில் 63-வது கவிதை. மாசாகோ துறவியாகி, இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்தாள்.

அனிமே இதை ரொம்ப அழகா, அழ வைக்கிற மாதிரி சொல்லுது. ஆனா ரெண்டு விஷயத்தை விட்டுடுது.

ஒண்ணு, அந்தக் கோபக்கார அப்பா. சன்ஜோவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் கண் தெளிவாகவே இருக்குமாம், ஆனா தெரியாது. கேட்டா எங்க கண் டாக்டர் விழித்திரை, கண் நரம்பு, கண் அழுத்தம்னு யோசிப்பார். அந்த நோயைக் காரணம் காட்டித்தான் மிச்சினாகா அவரைப் பதவி விலக நெருக்கினார். தன் சின்னப் பெண்ணின் கூந்தலைத் தடவிப் பார்த்து, இதைக் கண்ணால் காண முடியலையேன்னு அழுதாராம். 1017-ல் இறந்தார். எல்லாம் பறிபோன மனுஷன், மிச்சம் இருந்த ஒரே அதிகாரத்தைப் பெத்த பெண் மேல காட்டினார். நியாயப்படுத்தல. ஆனா எத்தனை அப்பாக்களை இப்படிப் பார்த்திருக்கோம்?

ரெண்டாவது, மிச்சிமாசா. அவருக்கு ஊர் வச்ச பேர் "முரட்டு மூன்றாம் படிக்காரர்". 1013-ல் ஆள் வைத்து ஒருத்தரைச் சாகும் நிலைக்கு அடித்த விவகாரத்தில் மாட்டினார். 1024 கடைசியில் முன்னாள் பேரரசர் காசானின் மகள் ஒருத்தி கொலை செய்யப்பட்டு வெளியே கிடந்தாள். பிடிபட்டவன் மிச்சிமாசா சொல்லித்தான் செய்தேன் என்றானாம். அக்கால அரசவை நாட்குறிப்பில் இருக்கு.

உருகி உருகிக் கவிதை எழுதினவர், பெண் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர். ரெண்டும் ஒரே ஆள். காதல் தோல்வியில் உருகும் ஆண் நல்லவனாத்தான் இருப்பான்னு சினிமா நமக்கு ரொம்ப நாளா சொல்லிக் கொடுத்திருக்கு. அதனால இதைக் கட்டாயம் எழுதணும்னு தோணுச்சு.

6. தெய்காவும் ஷிகிஷியும்

கடைசியில் கதைசொல்லியின் சொந்தக் கதை. இளவரசி ஷிகிஷி (1149–1201) காமோ ஆலயத்தில் பத்து வருஷம் பூசாரி. தெய்காவை விட 13 வயசு மூத்தவர். தெய்கா அவர் மாளிகைக்குப் போய்வந்து பணி செய்தார், நோயில் இருந்தபோது பார்க்கப் போனார். காதல் இருந்ததுக்கு நேரடிச் சான்று கிடையாது.

ஆனா மக்கள் விடலை. பின்னாளில் "தெய்கா"ன்னு ஒரு நோ நாடகமே வந்தது. அதில் தெய்காவின் தீராத காதல் ஒரு கொடியாக மாறி ஷிகிஷியின் சமாதியைச் சுத்திப் பிடிச்சிருக்கும். இன்னைக்கும் ஜப்பானில் ஒரு மல்லிகை மணக் கொடிக்கு "தெய்கா கொடி"ன்னுதான் பேர். பார்க்க ரொமான்டிக். ஆனா கொஞ்சம் யோசிங்க. செத்த பிறகும் ஒருத்தியை விடாமல் இறுக்கிப் பிடிக்கிற கொடி. அந்த நாடகத்தில் அவள் ஆவி விடுதலைதான் கேட்கும்.

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க.

அண்ணன்மார் செய்ததை ராட்சசன்னு சொன்னாங்க. பெரியம்மைச் சாவைக் கனவா மாத்தினாங்க. பிரசவச் சாவைச் சிரிப்புக்குப் பின்னாடி வச்சாங்க. கொலைகாரச் சந்தேகத்தைக் காதல் கவிதைக்குப் பின்னாடி வச்சாங்க. 2012-ல் அதையே கலர் கலரா, தடித்த கோடு போட்டு, இளைஞர்களுக்குப் புரியற பேச்சில் சொன்னாங்க. அனிமே வரலாற்றைக் கெடுத்துடுச்சுன்னு சொல்றவங்களுக்கு என் பதில்: ஆயிரம் வருஷமா எல்லாரும் இதைத்தான் செஞ்சிட்டிருக்காங்க. நம்ம வேலை, பார்த்து ரசிச்சுட்டு, ராட்சசனோட நிஜப் பேரைத் தேடறது.

இன்னொரு விஷயம். "தெய்ஷி"ங்கிறது அவளை வீட்டில் கூப்பிட்ட பேரா இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்து இருக்கு, அன்னைக்கு எப்படி உச்சரிச்சாங்கன்னு பதிவு இல்லாததால அறிஞர்கள் சீன உச்சரிப்பில் படிக்கிறாங்க. ஸேய் ஷோனகோனின் சொந்தப் பேர் பதிவாகவே இல்லை. தொகுப்பில் இன்னும் சில பெண்கள் "இன்னாரின் தாய்"னுதான் இருக்காங்க. அப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு குரல் கொடுத்து, முகம் வரைஞ்சு, கோபப்பட வச்சு, சிரிக்க வச்ச ஒரு அனிமேவை நான் குறை சொல்லத் தயாரா இல்லை.

அன்னைக்கு எபிசோடு பாதியில லேபர் வார்டிலிருந்து கூப்பிட்டாங்க. மூணாவது பிரசவம். பெண் குழந்தை. ஊசி போட்டு எட்டாவது நிமிஷம் நஞ்சுக்கொடி முழுசா வந்துடுச்சு. சிஸ்டர் அதைத் தட்டில் விரிச்சு எதுவும் உள்ளே தங்கலைன்னு சரி பார்த்தாங்க. அம்மா குழந்தையைப் பார்த்துட்டு, "மூணும் பொண்ணாப் போச்சே டாக்டர்"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

நல்லா இருங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

முடிஞ்சா "உதா கோய்" பாருங்க. வீட்டுல கர்ப்பிணிப் பெண்கள் இருந்தா ஆஸ்பத்திரியில பிரசவம் பாருங்க. குழந்தைக்குத் தடுப்பூசி தவறாம போடுங்க. உங்க வீட்டுப் பெண் யாரையாவது பிடிச்சிருக்குன்னு சொன்னா, முதல்ல உட்கார்ந்து கேளுங்க.

டூட்டிக்கு நேரமாச்சு.